உதிர மறுக்கும் உயிரணுக்கள்: இரைப்பைப் புற்றுநோயும் இறப்புத் தடைப் புரதங்களும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

புற்றுநோய் என்பது உயிரணுக்களின் கட்டுக்கடங்காத பெருக்கம் என்னும் விளக்கமே நெடுங்காலம் நிலவியது. இறக்க வேண்டிய உயிரணு இறவாதிருப்பதும் அந்நோய்க்குக் காரணமாகலாம் என்பது இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே நிறுவப்பட்டது. நிணநீர்ப் புற்றுநோய் ஆய்வில் உருப்பெற்ற இக்கருத்து, இரைப்பைப் புற்றுநோய்க்கு விரிந்தபோது அடைந்த மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

கருத்தின் தோற்றம்

1972இல் கெர், வில்லி, கர்ரி ஆகியோர் உயிரணுவின் ஒழுங்கமைந்த இறப்பை விவரித்து, அதற்கு ‘அப்போப்டோசிஸ்’ எனப் பெயரிட்டனர். இலையுதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. 1984ஆம் ஆண்டையொட்டி, சுஜிமோடோவும் குரோச்சேயும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயில் 14, 18ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறி இணையும் இடத்தில் பிசிஎல்-2 மரபணுவைக் கண்டறிந்தனர். இம்மரபணு உயிரணுவைப் பெருக்குவதன்று, இறவாமல் காப்பது என்பதை 1988இல் மெல்போர்னில் வாக்ஸ், கோரி, ஆடம்ஸ் ஆகியோர் காட்டினர். மைட்டோகாண்ட்ரியாவின் புறச்சவ்வில் துளையிடும் பேக்ஸ், பேக் ஆகிய புரதங்களைத் தடுப்பதே பிசிஎல்-2 புரதத்தின் பணி என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இரைப்பையில் எழுந்த முரண்

1982இல் மார்ஷலும் வாரனும் வளர்த்தெடுத்த ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரியை, 1994இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியது. ஆயினும், இந்நுண்ணுயிரி இரைப்பை உட்சுவர் உயிரணுக்களின் இறப்பை மிகுவிக்கிறது. இறப்பைத் தூண்டுவது புற்றை விளைவிப்பது எங்ஙனம்? அழற்சி பல்லாண்டுகள் நீடிக்கையில், இறப்பை எதிர்க்கும் உயிரணுக்களே எஞ்சிப் பெருகுகின்றன என்பது பொருத்தமான விளக்கமாகும்.

இவ்விளக்கத்திற்குத் துணைசெய்வது சர்வைவின் புரதம். 1997இல் ஆல்டியெரி குழுவினர் கண்டறிந்த இப்புரதம், கருவின் திசுக்களில் காணப்பட்டு, முதிர்ந்த திசுக்கள் பெரும்பாலானவற்றில் மறைந்து, புற்றுக்கட்டிகளில் மீண்டும் தோன்றுவது. 1998இல் இரைப்பைப் புற்றுக்கட்டிகள் 174ஐ ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் அது காணப்பட்டது. அக்கட்டிகளில் உயிரணு இறப்பு குறைந்திருந்தது. பிசிஎல்-எக்ஸ்எல், எம்சிஎல்-1 ஆகியவையும் இரைப்பைப் புற்றில் இப்பணியில் பங்கேற்கின்றன.

முடிவுரை

பிசிஎல்-2 புரதத்தைத் தடுக்கும் வெனிட்டோகிளாக்ஸ் மருந்து, 2016இல் அமெரிக்காவில் ஒருவகை இரத்தப் புற்றுக்கு ஒப்புதல் பெற்றது. இரைப்பைப் புற்றுக்கு அவ்வாறு ஒரு தனிப்புரத மருந்து வாய்க்காமையை வரலாற்று நோக்கில் விளங்கிக்கொள்ளலாம். முன்னர்க் குறித்த நிணநீர்ப் புற்றில் ஒரு குரோமோசோம் மாற்றம் ஒரு புரதத்தை மிகுவித்தது. இரைப்பையிலோ நீடித்த அழற்சி பல புரதங்களுக்கு இடமளித்தது. ஒன்றைத் தடுப்பின் மற்றொன்று அதன் பணியை ஏற்கக்கூடும். எனவே, ‘எந்தப் புரதம்’ என்னும் வினாவினும் ‘எப்புரதங்கள் இணைந்து’ என்னும் வினாவே இரைப்பைப் புற்றாய்வுக்கு உரியதாகும். நுண்ணுயிரியை முன்னரே அகற்றுவது, அத்தகைய உயிரணுக்கள் தேர்வுபெறும் சூழலையே தடுக்கும் வழி என்பதும் இவ்வரலாற்றால் பெறப்படுகிறது.