சம்பாவத்தில் மூன்று தோட்டா

காட்டுக்குப் போகிறவன் ஒரு துப்பாக்கி எடுத்துப் போவதா, ரெண்டா? ராஜாக்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. தூக்கிவர ஆள் உண்டு. பெரும்பாலும் தனியாகவே நடந்த ஜிம் கார்பெட்டுக்கு உண்டு. மலையேறும்போது இன்னொரு துப்பாக்கி என்பது சுமை, சத்தமும்கூட.

1907-இல் குமாவோன் மலையில், சுமார் 300 ஊரார் கூச்சலிட்டுச் சம்பாவத் பெண்புலியை விரட்டிய அன்று, அவரிடம் இருந்தது ஒரே ரைஃபிள், மூன்றே தோட்டா. ரெண்டு போதும், மூன்றாவது அவசரத்துக்கு என்று கணக்கு. மூன்றும் தீர்ந்தும் புலி சாகவில்லை. ஓடிப்போய்த் தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கி வந்து சுட்டார். வாய்க்கு வைத்த குறி காலில் பட்டது! முன்பு பட்ட காயங்களால்தான் புலி விழுந்தது.

ஆக, இரண்டாவது துப்பாக்கி இருந்தால் மட்டும் போதாது, அது கைக்குப் பழகியதாகவும் இருக்கணும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் என்னை உறுத்துவது வேறு. நேபாளத்திலும் குமாவோனிலுமாக 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் அந்தப் புலியின் வலப்பக்கக் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. யாரோ எப்போதோ சுட்ட குண்டு. இரை பிடிக்க முடியாமல்தான் அது மனிதரிடம் வந்தது என்பது கார்பெட்டின் முடிவு.

அந்த முதல் வேட்டைக்காரர் எத்தனை துப்பாக்கி கொண்டுபோனால் என்ன? அடிபட்ட புலியைத் தேடிப்போய் முடித்திருந்தால், இத்தனை வீட்டில் இழவு விழுந்திருக்காது.