நெருங்கியதும் தானே வெடித்த குண்டு

ஃபியூஸ் என்றதும் நம் மீட்டர் அறையில் போகும் ஃபியூஸை நினைத்துவிடாதீர்கள். பீரங்கிக் குண்டின் மூக்கில் இருந்துகொண்டு, குண்டு எப்போது வெடிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கருவிக்கும் ஃபியூஸ் என்றுதான் பெயர். இரண்டாம் உலகப் போரில் அப்படி ஒரு ஃபியூஸ் கடற்போரின் கணக்கையே மாற்றியது.

முதலில் சிக்கலைப் பார்ப்போம். போர்க்கப்பலைத் தாக்க விமானம் பாய்ந்து வருகிறது. கப்பலின் 5 அங்குலப் பீரங்கிக் குண்டு நேராக அதன்மேல் படுவது மிக அரிது. பக்கத்தில் வெடித்துச் சிதறல் பட்டாலே போதும். எனவே விமானத்தின் தூரம், உயரம், வேகம் எல்லாம் கணித்து, 'இத்தனை நொடியில் வெடி' என்று ஃபியூஸில் நேரம் வைத்துச் சுடுவார்கள். நொடிக்கு 500 மீட்டர் போகும் குண்டில் பத்தில் ஒரு நொடி பிசகினால், 50 மீட்டர் தள்ளி வெடிக்கும். விமானி தப்பிவிடுவார். கப்பலில் இருப்பவர்கள்?

விமானம் அருகில் இருப்பதைக் குண்டே தெரிந்துகொண்டால் என்ன? பிரிட்டனில் இதற்கான வேலை முன்பே தொடங்கியிருந்தது. 1940-இல் டிசார்ட் குழு அந்த விவரங்களை அமெரிக்காவுக்குக் கொடுத்தது. அங்கே மெர்ல் டூவ் என்ற இயற்பியலாளரின் குழு அதைக் காரியமாக்கியது.

ஃபியூஸுக்குள் ஒரு சின்ன ரேடியோ. அது அனுப்பும் அலை விமானத்தில் பட்டுத் திரும்பும். ஆம்புலன்ஸ் நம்மை நெருங்கும்போதும் விலகும்போதும் சைரன் ஒலி மாறுவதைக் கேட்டிருப்பீர்கள். அதுபோலத் திரும்பி வரும் அலையின் அதிர்வெண்ணும் சற்று மாறியிருக்கும். போன அலையும் வந்த அலையும் கலக்கும்போது ஒரு துடிப்பு உண்டாகும். விமானம் நெருங்க நெருங்க அது வலுக்கும். குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் குண்டு வெடிக்கும்.

சொல்வது சுலபம். அன்று டிரான்சிஸ்டர் கிடையாது, கண்ணாடி வால்வுதான். பழைய வால்வு ரேடியோவை மேஜையிலிருந்து கீழே போட யாருக்காவது மனம் வருமா? பீரங்கிக்குள்ளோ புவியீர்ப்பைப்போல் சுமார் 20,000 மடங்கு உந்துதல். 10 கிராம் பொருள் 200 கிலோவாக அழுத்தும். அதைத் தாங்கும் குட்டி வால்வுகளைச் செய்தார்கள். பேட்டரியின் திரவத்தைத் தனியே ஒரு கண்ணாடிக் குப்பியில் அடைத்தார்கள். சுட்ட அதிர்ச்சியில் குப்பி உடையும். குண்டு சுழலும் வேகத்தில் திரவம் தகடுகளிடையே பரவும். அப்போதுதான் மின்சாரம் பிறக்கும். கிடங்கில் கிடக்கும்போது பேட்டரி வீணாகாது, ஆபத்தும் குறைவு.

1943 ஜனவரி 5 அன்று, குவாடல்கனால் தீவை ஒட்டிய கடலில், ஹெலினா என்ற அமெரிக்கக் கப்பல் இந்தக் குண்டால் ஜப்பானிய விமானம் ஒன்றை வீழ்த்தியது. போரில் இதுவே முதல் வெற்றி.

செலவையும் பார்த்துவிடுவோம். 1942-இல் ஒரு ஃபியூஸின் விலை 732 டாலர். உற்பத்தி பெருகியதும் 1945-இல் 18 டாலர். மொத்தம் 2.2 கோடிக்கும் மேல் செய்தார்கள். செலவு சுமார் 100 கோடி டாலர். ஒரு கப்பலின் விலையையும் அதிலுள்ள நூற்றுக்கணக்கான உயிர்களையும் எதிரே வைத்துப் பார்த்தால், இது லாபக் கணக்குதான்.

ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. வெடிக்காத குண்டு எதிரியிடம் சிக்கினால் ரகசியம் போய்விடும் என்று, எதிரிப் படை நிற்கும் நிலத்தின்மேல் இதைச் சுட முதலில் தடை இருந்தது. 1944 டிசம்பரில், ஆர்டென் காட்டுப் பகுதிச் சண்டையின்போது, இது ஜெர்மன் காலாட்படைமேல் பயன்படுத்தப்பட்டது. இப்போது அலை பட்டுத் திரும்பியது தரையிலிருந்து. குண்டு தலைக்கு மேலேயே வெடித்தது. குழிக்குள் பதுங்கிய சிப்பாய்க்கு அந்தக் குழியும் உதவவில்லை.

மாலுமிகளைக் காப்பாற்றச் செய்த கருவிதான் இதையும் செய்தது. போர்க்கால விஞ்ஞானத்தின் சாதனைகளைப் படிக்கும்போது, வரவுப் பக்கத்தோடு நிறுத்திவிடாமல் செலவுப் பக்கத்தையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.