பந்தயச் சக்கரங்கள் – 12
ஒரே நாள், இரண்டு கொடி

கோவண்டிப் பக்கம் ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் ஏறினால் தென் மும்பை கொஞ்ச நேரத்தில் வந்துவிடும், கார் வைத்திருப்பவர்களுக்கு. பைக்குக்கு அங்கே அனுமதி கிடையாது. அந்தப் பாதை தொட்டுச் செல்லும் மஜ்காவில்தான் 1940களின் கடைசியில் மஹிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பைப் பாகம் பாகமாக வரவழைத்துப் பூட்டத் தொடங்கியது. ஜீப்பும் டிராக்டரும் விற்றே பெரிதான கம்பெனி அது. பைக்கும் காரும் கொண்டு உலகப் பந்தயங்களில் இறங்கியது அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு.

அந்தக் கதைக்குப் போகுமுன் நெதர்லாந்துக்கு ஒரு நடை போய் வருவோம்.

2016 ஜூன் 26, ஆஸன் நகர். நெடுங்காலமாகச் சனிக்கிழமையிலேயே நடந்து வந்த டச்சுப் பந்தயம் அந்த ஆண்டு முதல்முறையாக ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியிருந்தது. சிறிய வண்டிகளுக்கான மோட்டோ3 பந்தயத்தில் இத்தாலிக்காரப் பையன் பிரான்செஸ்கோ பன்யாயா முதலாவதாக வந்தார். அவர் ஓட்டியது மஹிந்திரா. இந்தியக் கம்பெனியின் வண்டி ஒன்று கிராண்ட் பிரி வென்றது அதுவே முதல் தடவை.

அதே நாளில், பெரிய வண்டிகள் ஓடும் மோட்டோ ஜிபி பந்தயத்தின்போது மழை கொட்டியது. சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தி, பிறகு 12 சுற்றுகளுக்கு மறுபடி தொடங்கினார்கள். முன்னால் போன வாலன்டினோ ரோஸ்ஸி வழுக்கி விழுந்தார். ஆஸ்திரேலியாவின் ஜாக் மில்லர், மார்க் மார்க்கெஸை முந்தி ஜெயித்தார். பெரிய கம்பெனிகளின் சொந்த அணிகளைத் தாண்டித் தனியார் அணி ஒன்று மோட்டோ ஜிபி வென்றது 2006க்குப் பிறகு அன்றுதான். மில்லரின் அணி பெல்ஜியத்தைச் சேர்ந்த மார்க் விடிஎஸ்.

மும்பைக் கம்பெனிக்கும் பெல்ஜிய அணிக்கும் அன்று ஒரே ஓடுதளத்தில் விடிந்தது. இரண்டுமே பைக், கார் இரண்டையும் தொட்ட அணிகள். ஆனால் பிறந்த விதமும் போன வழியும் நேர் எதிர்.

மார்க் விடிஎஸ் என்பது அதை நிறுவிய முதலாளி மார்க் வான் டெர் ஸ்ட்ராட்டனின் பெயர்ச் சுருக்கம். பீர் தொழிலில் செழித்த பெல்ஜியக் குடும்பத்தவர். அவரிடம் விற்பதற்கு வண்டி இருக்கவில்லை. பந்தயப் பித்து மட்டும் இருந்தது. அடுத்தவர் செய்த வண்டியை வாங்கி, நல்ல ஓட்டுநரைப் பிடித்து, கைக்காசைப் போட்டு ஓடவிடுவார். கார் பிரிவில் ஃபோர்டு, பிஎம்டபிள்யூ என்று ஓட்டி, 2015ல் தன் நாட்டின் புகழ்பெற்ற ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார். சொந்த மண்ணில் அதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. அதே ஆண்டோடு கார் அணியை மூடினார்! பைக் நிலைத்தது. மோட்டோ2வில் டிட்டோ ரபாத் 2014லும், பிராங்கோ மோர்பிடெல்லி 2017லும், அலெக்ஸ் மார்க்கெஸ் 2019லும் அவரது அணிக்காக உலகச் சாம்பியன் ஆனார்கள். செலவு எகிறும் மோட்டோ ஜிபியிலிருந்து மட்டும் 2018 முடிவில் விலகிக்கொண்டார்.

மஹிந்திராவுக்கு விற்க வண்டி இருந்தது. 2008ல் கைனெடிக்கின் இரு சக்கர வாகனத் தொழிலை வாங்கி ஸ்கூட்டர் சந்தையில் இறங்கியது. ஹீரோவும் பஜாஜும் டிவிஎஸ்ஸும் கோலோச்சும் இடத்தில் புதுப் பெயர் எடுபட விளம்பரம் வேண்டும். 2011ல் இத்தாலியின் என்ஜின்ஸ் என்ஜினீயரிங் வடிவமைத்த வண்டியோடு 125 சிசி உலகப் போட்டிக்குப் போனது. அந்த வகுப்பின் கடைசிப் பந்தயமான வலென்சியாவில் டேனி வெப் முதல் வரிசையின் முதல் இடத்தைப் பிடித்துக் காட்டினார்.

மறு ஆண்டு 125க்குப் பதில் 250 சிசி மோட்டோ3 வந்ததும் அடி சறுக்கியது. புது வண்டி தேறவில்லை. சுவிட்சர்லாந்தின் சூட்டர் நிறுவனத்தைச் சேர்த்துக்கொண்டு வண்டியைத் திரும்பச் செய்தார்கள். 2013ல் மலேசியாவின் செபாங்கில் போர்ச்சுகல் வீரர் மிகெல் ஒலிவேரா மூன்றாம் இடம் பிடிக்க, முதல் மேடை கிடைத்தது. அங்கிருந்து ஆஸன் வெற்றிக்கு மூன்று ஆண்டுகள். அதே 2016ல் செபாங்கிலும் பன்யாயா ஜெயித்தார்.

இதில் நம்மவர் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. பன்யாயா பிறகு டுகாட்டியில் 2022, 2023 மோட்டோ ஜிபி உலகச் சாம்பியன். 2024ல் பட்டம் வென்ற ஹோர்ஹே மார்ட்டினும் 2016ல் அவரோடு ஒரே அணியில் மஹிந்திரா ஓட்டியவர்தான். தொடர்ந்து மூன்று ஆண்டு உலகப் பட்டங்களும் மஹிந்திராவில் தொழில் பழகிய கைகளுக்கே போயின.

அப்படியிருந்தும் 2017 முடிவில் மஹிந்திரா மோட்டோ3ஐ விட்டு வெளியேறியது. ஊரில் அதன் ஸ்கூட்டரும் பைக்கும் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. கடையில் சரக்கு போகாதபோது விளம்பரத்துக்கு யார் செலவு செய்வார்கள்? மறுபக்கம், 2010ல் பெங்களூரின் ரேவா மின்கார் கம்பெனியை வாங்கியிருந்தது. மின்காருக்கென்றே 2014ல் ஃபார்முலா ஈ பிறந்தபோது பத்து அணிகளில் ஒன்றாக நுழைந்தது. இந்திய அணி அது ஒன்றுதான். பெய்ஜிங்கில் நடந்த முதல் பந்தயத்திலேயே நம் சென்னையின் கருண் சந்தோக் அதற்காக ஓட்டி ஐந்தாவதாக வந்தார். அன்றைய பேட்டரி பந்தயம் முழுக்கத் தாங்காது. ஓட்டுநர் பாதியில் இறங்கி ஓடிப்போய் இன்னொரு காரில் ஏறுவார். 2017 ஜூனில் பெர்லினில் ஸ்வீடனின் பெலிக்ஸ் ரோசன்க்விஸ்ட் முதல் வெற்றியைத் தந்தார்.

2019 ஜனவரி, மொராக்கோவின் மராக்கெஷ். ஒரே பேட்டரியில் முழுப் பந்தயமும் ஓடும் புதிய கார்களுக்கு அது இரண்டாவது பந்தயம். முதலிரண்டு இடங்களிலும் பிஎம்டபிள்யூ கார்கள். அணித் தோழர்கள் இருவரும் விட்டுக்கொடுக்காமல் ஒரே வளைவில் நுழைந்து ஒருவரையொருவர் கெடுத்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து முன்னேறி வந்த மஹிந்திரா கார் முதலிடத்துக்குப் போனது. விபத்தால் வந்த பாதுகாப்புக் கார் விலகியபின் மிஞ்சிய கொஞ்ச தூரத்தில், துரத்தியவரை நூலிழையில் தடுத்து ஜெயித்தார் ஓட்டுநர். அவர் பெயர் ஜெரோம் டாம்ப்ரோசியோ. பெல்ஜியக்காரர்!

பெல்ஜியத்தவர் காரை விட்டுப் பைக்கைப் பிடித்தார். மும்பைக்காரர்கள் பைக்கை விட்டுக் காரைப் பிடித்தார்கள். இருவருமே ஜெயித்த கையோடுதான் கைவிட்டார்கள். ஒரு பந்தய அணி எத்தனை நாள் உயிரோடிருக்கும் என்பதைக் கோப்பைகளை எண்ணிச் சொல்ல முடியாது. பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். முதலாளியின் ஆசை அங்கே பெட்ரோல் ஊற்றியது. இங்கே ஷோரூம் விற்பனை.

இந்த இரண்டும் இல்லாமல், ரசிகர்களும் ஒரு பழைய விமானத் தளமும் மட்டும் துணையாக ஒரு பந்தய மரபு வளர்ந்த ஊர் தமிழ்நாட்டில் உண்டு. அடுத்த வாரம் சோழவரம்.

(தொடரும்)