ஒப்பந்தத்துக்கு ஏன் புள்ளி?

நாளிதழின் உள்பக்கத்து மூலையில், பொடி எழுத்தில், யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையோடு அச்சிட்டதுபோல் ஓர் அறிவிப்பு வரும். ஏதோ ஒரு பேரூராட்சிக்குத் தெருவிளக்குச் சாமான், பிளீச்சிங் பவுடர், ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்குப் பழுதுபார்ப்பு வேண்டும்; அதற்கு ‘ஒப்பந்தப்புள்ளிகள் வரவேற்கப்படுகின்றன’. சொற்பித்துப் பிடித்த என்போன்றவர்களுக்கு மோட்டாரைவிடப் புள்ளிதான் கண்ணில் குத்தும். ஒப்பந்தம் சரி; அதற்கு வாலாக ஒரு புள்ளி எதற்கு?

முதலில் தலைப்பகுதியைப் பிரிப்போம். ஒப்பந்தத்தின் வேர் ஒப்பு. தெலுங்கில் ஒப்பந்தமு, கன்னடத்தில் ஒப்பந்த என்று உடன்பிறப்புகளும் உள்ளன. சொல்லின் கடைசியில் வடமொழிப் ‘பந்தம்’ ஒட்டியிருப்பதாகக் காண்பாரும் உண்டு. அவர்களோடு நான் வழக்காடப் போவதில்லை. வேர் நம்முடையது என்ற மகிழ்ச்சி எனக்குப் போதும். ஏனெனில் இந்த ஒரு வேரிலிருந்து கிளைத்த சொற்களை வரிசையாக வைத்தால், ஒரு பேரூராட்சி ஒரு பொருளை வாங்கும் வழி முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது: வந்த விலைகளை ஒப்பிடுகிறார்கள், அதற்கென ஒப்பீட்டுப் பட்டியல் எழுதுகிறார்கள், ஏற்றதை ஒப்புக்கொள்கிறார்கள், ஒப்பமிடுகிறார்கள், ஒப்பந்தம் ஆகிறது, வேலை முடிந்ததும் ஒப்படைக்கிறார்கள். சமன் என்ற பொருளும் இசைவு என்ற பொருளும் ஒரே ஒலியில் குடியிருப்பதால் வந்த நயம் இது. ஒத்துப்பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதே என்பதைத் தமிழ் வேரிலேயே எழுதிவைத்திருக்கிறது.

அதே வேர்தான் ‘ஒப்புக்கு’ என்பதையும் தந்தது. யாருக்குக் கொடுப்பது என்று முன்பே பேசி முடித்துவிட்டு, ஊர் வாயை மூட அறிவிப்பு வெளியிடுவதை ‘ஒப்புக்குப் போட்ட டெண்டர்’ என்கிறோம். ஏமாந்தவன் வைப்பதற்கு ஒப்பாரியும் அதே குடும்பத்தில் இருக்கிறது.

இனிப் புள்ளி. கோலத்துக்கு வைப்பது புள்ளி. மானின் மேல் இருப்பது புள்ளி. தொல்காப்பியர் மெய்யெழுத்துக்கு இலக்கணமாகச் சொன்னதும் புள்ளி. ‘க’ என்று வாய் திறந்து ஒலிப்பது, மேலே ஒரு புள்ளி விழுந்ததும் ‘க்’ என்று அடங்கிவிடுகிறது. ஒலியின் நீட்சியை நிறுத்தும் குறி அது. கணக்குக்கு வந்தபோது இந்தக் குறி தொகையையும் மதிப்பையும் குறிக்கலாயிற்று: மதிப்பிடுவதைப் ‘புள்ளிபார்த்தல்’ என்று அகராதி சொல்கிறது, எண்களைத் தொகுத்தால் புள்ளிவிவரம் ஆகிறது. இன்னும் ஒரு படி போய் ஆளையே குறித்தது. செட்டிநாட்டு நகரத்தார் கோயில் கணக்கில் மணமான ஆண் ஒருவர் ஒரு புள்ளி. வரி புள்ளிக்கு இவ்வளவு என்று விழும். ஊரில் செல்வாக்குள்ளவரைப் பெரும்புள்ளி என்பதும் இந்தத் தடத்தில் வந்ததுதான் போலும்.

ஆகவே ஒப்பந்தப்புள்ளி என்றால், ஒப்பந்தத்துக்காக ஒருவர் தம் மதிப்பீட்டைக் குறித்து நிறுத்திய இடம். நிறுத்திய என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். உறையை ஒட்டிப் பெட்டியில் போட்டு, கெடு நேரமும் கடந்தபின், பக்கத்துக்காரர் என்ன எழுதினார் என்று கேட்டுத் தம் எண்ணை நீட்டவோ குறைக்கவோ எவருக்கும் வழியில்லை. ‘க்’ போல அடங்கிவிட்டது. உறைக்குப் பதில் இன்று பெரும்பாலும் கணினி வந்துவிட்டாலும் புள்ளி விழுந்தது விழுந்ததுதான். சிறிய தொகைக்குக் கடைக்காரர்களிடம் கேட்டு வாங்கும் கொட்டேஷனுக்கு விலைப்புள்ளி என்று பெயர். மூன்று பேரிடம் வாங்கு என்பது அலுவலக வழக்கம். மூன்று தாளிலும் ஒரே எழுத்துப்பிழை தலைகாட்டினால், மூன்று புள்ளியையும் வைத்த கை ஒன்றே என்று தணிக்கையாளர் கண்டுகொள்வார். எழுத்துப்பிழைக்கும் ஒரு பயன் உண்டு!

இந்தச் சொல்லை ஆக்கியவர் இன்னார் என்று நான் கைகாட்டப் போவதில்லை. 1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபின் அலுவலகங்களுக்கு ஆயிரக்கணக்கில் தமிழ்ச்சொற்கள் வேண்டியிருந்தன. அந்த வேலையில் முன்னின்ற கீ. இராமலிங்கனார் நகராட்சி ஆணையராக இருந்தவர். குழாயும் சாக்கடையும் வரிப்புத்தகமும் பார்த்த கையே கலைச்சொல்லும் பார்த்தது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

தெருவில் இன்றும் டெண்டர்தான் ஆள்கிறது. அதை இகழ வேண்டாம். இலத்தீனில் நீட்டுதல் என்னும் பொருளுள்ள வினையிலிருந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. ‘இந்த விலைக்குச் செய்கிறேன்’ என்று நீட்டப்படும் தாள். வேரை அப்படியே தமிழாக்கியிருந்தால் நமக்கு அழகான ஒரு பழஞ்சொல் காத்திருந்தது: மூதுரையில் வருகிற ‘நீட்டோலை’. ஆனால் ‘கை நீட்டுதல்’ என்றதும் அலுவலகச் சூழலில் நமக்கு வேறு நினைவு வந்துவிடுவதால், புள்ளியைத் தேர்ந்தது நல்லதே. டெண்டருக்கு மக்கள் சேர்த்த வினைகள் முழுத்தமிழ்: அலுவலகம் டெண்டர் விடுகிறது, பலர் போடுகிறார்கள், ஒருவர் எடுக்கிறார். விடு, போடு, எடு என்ற மூன்று ஈரெழுத்துச் சிறுசொற்களில் அதிகாரம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பது தெரிந்துவிடுகிறது.

விடுவதும் எடுப்பதும் ஏலத்திலிருந்து வந்த பழக்கமாக இருக்கலாம். ஏலம் போர்த்துகீசியரின் ‘லெய்லாவ்’. அவர்களுக்கு அரபியர் தந்தது. லகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது என்பதால் தலையை இழந்து ஏலம் ஆயிற்று. மலையாளம் ‘லேலம்’ என்று தலையோடு காத்துவைத்திருக்கிறது. சந்தைச் சுங்கம் வசூலிக்கும் உரிமையையும் புளியமரத்து மகசூலையும் ஊராட்சி ஏலம் விடும்போது கூடுதலாகக் கேட்டவருக்குப் போகிறது. விளக்கு வாங்கும்போது குறைவாகப் புள்ளி வைத்தவருக்குப் போகிறது. ஏலத்தில் விலை ‘கேட்கிறார்கள்’. ஈழத்தமிழர் இந்தக் கேள் என்ற வினையையே எடுத்து, நாம் ஒப்பந்தப்புள்ளி என்பதைக் கேள்விப்பத்திரம் என்றார்கள். விலைமனு என்றும், கொள்முதலைப் பெறுகை என்றும் வழங்குகிறார்கள். அங்குள்ள பிரதேச சபையின் கேள்வி அறிவித்தலைப் படிக்கும் தமிழ்நாட்டுக்காரர், தேர்வு ஏதோ நடக்கிறது என்று ஒரு கணம் மயங்குவார்.

கொள்முதலும் இனிய சொல். கொள் என்பது வாங்குவதற்குப் பழைய வினை; பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழ்ந்தது, கொள்ளும்போது அளவு மீறாததற்காகவும் கொடுக்கும்போது குறைக்காததற்காகவும்தான். கொள்முதல் முதலில் வாங்கிய விலையைக் குறித்து, பிறகு வாங்கும் செயலுக்கே பெயரானது. இவ்விடத்தில் உத்திரமேரூர்க் குடவோலையை இழுத்துவருவது வழக்கம். அங்கே குடத்திலிட்டது ஆட்பெயர், விலை அன்று என்பதால் நான் தவிர்க்கிறேன். ஆனால் ஒன்று: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரலாகாது என்று பராந்தகன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. ஒப்பந்ததாரர்களுக்கும் வேண்டிய விதி.

தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளிகளுக்கென்று 1998-இல் சட்டமும் 2000-இல் விதிகளும் வந்தன. உள்ளாட்சிகளும் அதற்குள் அடக்கம். புள்ளி கொடுத்தவர்கள் முன்னிலையில் உறை திறக்கவேண்டும், குறைந்த புள்ளியைத் தள்ளினால் காரணம் எழுதவேண்டும். அச்சட்டத்தின் உயிர்நாடியை ஒளிவுமறைவின்மை என்றும் வெளிப்படைத்தன்மை என்றும் தமிழில் சொல்கிறோம். முதற்சொல்லில் ஒரு வேடிக்கை: ஒளி என்றால் வெளிச்சம், ஒளி என்றால் பதுங்கு. இரண்டாவது இலக்கணக்காரர் வளர்த்த சொல். நன்னூலார் குறிப்பால் பொருள்தரும் சொற்களை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு, அவை அல்லாதவையெல்லாம் வெளிப்படை என்று முடித்தார்.

விளக்கு வாங்கும் அறிவிப்பை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் எங்கும் இராது. ஆனால் மூடியின் அகலம், திருகின் அளவு, வண்ணத்தின் சாயல் என்று அடுக்கிய தகவல் உலகில் ஒரே ஒரு நிறுவனத்தின் விளக்குக்கு மட்டும் பொருந்தும். பெயர் சொல்லாமல் ஆளைக் காட்டுவது, நன்னூல் கணக்கில், குறிப்பு. அதை வெளிப்படையாக்க நல்ல அலுவலர் கடைசியில் மூன்று சொல் சேர்ப்பார்: ‘அல்லது அதற்கு ஒப்பானது’. மறுபடியும் ஒப்பு.