மருத்துவச்சியின் கையும் மருத்துவரின் கத்தியும்

தலைப்பிரசவத்திற்கு மகளைத் தாய்வீட்டிற்கு அனுப்பும் வழக்கத்தைப் பிழைப்புத் தேடி வடக்கே வந்த நாமும் விட்டோமில்லை. ஆயின் தாய்வீட்டின் பின்கட்டில் காத்திருந்த மருத்துவச்சி இன்று இல்லை. பெரும்பாலும் நாவிதர் குலத்து மூதாட்டியான அவள், வலியெடுத்தவளை நடக்கவிடுவாள், குந்தவைப்பாள், இடுப்பை நீவியபடி விடியும்வரை பொறுத்திருப்பாள். கூலி நெல்லும் பழம்புடவையும். தொப்புள்கொடி அறுத்த அக்கையையே தீட்டென ஒதுக்கியவர்களும் நம் முன்னோரே.

அவளைப் போற்றுங்கால் உண்மையை மறைத்தலாகாது. தூய்மையற்ற கத்தியால் இசிவு கண்டு, பிறந்த ஏழெட்டு நாளில் மடிந்த சிசுக்கள் பல. குழந்தை குறுக்கே கிடந்தால் அவளும் கைவிரிப்பாள். சென்னையில் 1844-இல் தோன்றி, இன்று எழும்பூரில் நிற்கும் பேறுகால மருத்துவமனை போன்றவையே அத்தகைய தாய்மாருக்கு வழிதிறந்தன. இதில் நமக்கு ஐயமில்லை.

பின்னர் நேர்ந்ததே நம்மை உறுத்துகிறது. அறுவைப்பேறு நூற்றுக்குப் பதினைந்தைத் தாண்ட வேண்டியதில்லை என உலக சுகாதார நிறுவனம் 1985-இல் கூறியது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்திய அளவில் அது 21.5 விழுக்காடு, தமிழ்நாட்டில் 44.9, அங்குள்ள தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8! நட்சத்திரம் பார்த்துக் கத்தி வைக்கச் சொல்வோரும் உளர். மருத்துவச்சியை நீக்கிய இடத்தில் சோதிடரை அமர்த்திய விந்தையை என்னென்பது?

செவிலியர்க்கு மருத்துவச்சிப் பயிற்சி தனியே அளிக்க மத்திய அரசு 2018-இல் நெறிமுறை வகுத்தது. பதினெட்டு மாதப் படிப்பு. வலியெடுத்தவளை நடக்கவிடுவதும், அவள் விரும்பும் நிலையில் பெறவிடுவதும் அந்நெறியுள் அடங்கும்.