சாக்பீஸ் கோடும் ஆம்பூர் தோலும்

தோல் என்றால் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று எல்லோருக்கும் தெரியும். அந்தத் தோலின் தரத்தில் ஒரு லேத் பட்டறைக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அந்தப் பங்கு, சக்கில் மாட்டிய இரும்பை நட்டநடு மையத்தில் நிறுத்துவது. அதைச் செய்ய ஒரு சாக்பீஸும் ஒரு கம்பித் துண்டும் போதும் என்பதுதான் ஆச்சரியம்!

கையிலிருந்து மிஷினுக்கு

பாலாற்றங்கரைத் தோல் ஷாப்புகள் நெடுங்காலம் செய்தது பாதி வேலை மட்டுமே. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் 'ஈஸ்ட் இந்தியா' என்ற பெயரில் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகும். மீதி வேலையும் அதன் லாபமும் அங்கே. இங்கே குழி, தொட்டி, கத்தி, ஆள் பலம் ஆகியவையே முக்கியம்.

1972-ல் சீதாராமையா கமிட்டி, பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் அப்படியே ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுமையாக்கிய தோலும் செருப்பு முதலிய பொருட்களும் விற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1973 முதல் அரசு கட்டுப்பாடுகளைக் கொண்டு வந்தது. இனி முழு வேலையும் இங்கேயே. இத்தாலி, ஜெர்மனி போன்ற நாடுகளின் மிஷின்கள் வந்து இறங்கின.

அவற்றில் ஒன்று ஷேவிங் மிஷின். சுருள் வடிவில் கத்திகள் பதித்த ஓர் உருளை வேகமாகச் சுற்றும். இன்னொரு ரோலர் தோலை அதன் அருகே கொண்டு போகும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் தோலின் கனம். ஷூவின் மேல்தோலுக்கு 1.2 மில்லிமீட்டர் என்று வாங்குபவர் கேட்டால் அந்தக் கனம் தோல் முழுக்க இருக்க வேண்டும்.

இப்போது அந்த ரோலரின் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெல்டிங் வைத்து நிரப்பி லேத்தில் மறுபடி கடைய வேண்டும். கடையும்போது மையம் 0.1 மில்லிமீட்டர் விலகினால் என்ன ஆகும்? ரோலர் ஒரு பக்கம் 0.1 மேலே வரும், மறுபக்கம் 0.1 கீழே போகும். மொத்தம் 0.2 மில்லிமீட்டர் வித்தியாசம். 1.2 கேட்ட தோல் ஓரிடத்தில் 1.1, இன்னோரிடத்தில் 1.3. சீவிய தோலை மறுபடி ஒட்ட முடியாது. ஒரு தலைமுடியைவிடப் பெரிதாக இல்லாத பிழைக்கு இவ்வளவு விலை!

வெளிநாட்டிலிருந்து புதிய ரோலர் வரவழைக்கலாமே என்று தோன்றும். 1991-க்கு முன் இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும், அந்நியச் செலாவணி வேண்டும். மிஷின் அதுவரை நிற்க முடியாது. ஆக, உள்ளூர் டர்னரின் கைதான் கதி.

மையத்தின் கதை

தமிழில் தயிர் கடைவதற்கும் மரம் கடைவதற்கும் ஒரே சொல்தான். பழைய கடைசல் கருவியிலும் மத்தைப் போலவே கயிற்றை முன்னும் பின்னும் இழுப்பார்கள். மரத்தின் இரு முனைகளையும் இரண்டு கூர்முனைகள் தாங்கும். அந்த முனைகளே மையம், அதனால் தனியாக மையம் தேட வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லே 1800-ஐ ஒட்டி உலோகத்தைத் துல்லியமாகக் கடையும் லேத்தை உருவாக்கினார். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் சைமன் ஃபேர்மேன் 1830-ல் லேத் சக்குக்குக் காப்புரிமை பெற்றார். சக் வந்ததும் ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொண்டு வேலை செய்ய முடிந்தது. கூடவே புதுப் பிரச்சினையும் வந்தது. பிடித்த இடம் மையம்தானா?

மூன்று ஜா உள்ள சக்கில் மூன்றும் சேர்ந்தே நகரும். வேலை சுலபம். ஆனால் உள்ளே தேய்ந்துவிட்டால் ஜாக்களைத் தனித்தனியாக நகர்த்தி அந்தப் பிழையைத் திருத்த வழியில்லை. நான்கு ஜா சக்கில் ஒவ்வொன்றும் தனித்தனி. நேரம் பிடிக்கும், ஆனால் எவ்வளவு தேய்ந்த சக்கிலும் மையத்தைக் கொண்டு வரலாம்.

அளந்து பார்க்க டயல் இண்டிகேட்டர் உண்டு. வாட்ச் தொழிலுக்குப் பேர்போன வால்தம் நகரத்து ஜான் லோகன் 1883-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அது இல்லாத பட்டறை என்ன செய்யும்?

சாக்பீஸும் கம்பியும்

முதலில் சாக்பீஸ். ரோலரை மெதுவாகச் சுற்றவிட்டு, சாக்பீஸை லேசாக உரசும்படி பிடிக்க வேண்டும். வெளியே தள்ளி நிற்கும் பக்கத்தில் மட்டும் கோடு விழும். லேத்தை நிறுத்தி, எதிர்ப்பக்க ஜாவைத் தளர்த்தி, கோடு விழுந்த பக்கத்து ஜாவை இறுக்க வேண்டும். கோடு சுற்றிலும் சமமாக விழும்வரை இதே வேலைதான். இது கண்ணுக்குத் தெரியும் பிழையை நீக்கும்.

மிச்சப் பிழைக்கு ஒரு கம்பி. அதை டூல் போஸ்டில் ஓர் ஆணியின் மேல் அசையும்படி பொருத்த வேண்டும். ஆணிக்கு ஒரு பக்கம் 20 மில்லிமீட்டர், மறுபக்கம் 200 மில்லிமீட்டர். குட்டை முனை ரோலரைத் தொட்டுக்கொண்டே இருக்க ஒரு சின்ன ஸ்பிரிங். நீள முனைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேல். இப்போது சக்கைக் கையால் மட்டுமே சுற்ற வேண்டும். ரோலர் 0.1 மில்லிமீட்டர் ஆடினால் நீள முனை 1 மில்லிமீட்டர் ஆடும். அதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். ஏற்றத்தின் நெம்புகோல் தத்துவம்தான் இது.

இதில் புதியவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. எதிரெதிர் ஜாக்களுக்கு நடுவே 0.4 வித்தியாசம் தெரிந்தால் நகர்த்த வேண்டியது 0.4 அல்ல, 0.2 மட்டுமே. ஒரு பக்கம் குறைவது மறுபக்கம் கூடுகிறது. முழுதாக நகர்த்துபவர் பிழையை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒரு ஜோடி ஜாவை முடித்த பிறகே அடுத்த ஜோடிக்குப் போக வேண்டும். மோட்டாரைப் போடும் முன் சக் சாவியைக் கழற்ற மறக்கவே கூடாது.

கவனித்தால், இந்தக் கம்பி எதையும் 'அளப்பதில்லை'. ஒரு பக்கத்தை எதிர்ப்பக்கத்தோடு ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். ஒப்பிடுவதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை, பொறுமை போதும். வெளிநாட்டு மிஷின்கள் கேட்ட துல்லியத்தை ஒரு சின்னப் பட்டறையாலும் கொடுக்க முடியும் என்பதற்கு இதுவே காரணம்.

2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது, ராணிப்பேட்டை தனி மாவட்டமானது. தோல் ஏற்றுமதி வரலாறு எழுதுபவர்கள் கமிட்டிகளையும் ஆணைகளையும் எழுதுவார்கள். அந்தப் பட்டியலில் ஒரு சாக்பீஸ் கோட்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.