பிழை செய்யும் தொழில்

பிழையற எழுதுவதற்குப் பாடம் சொல்வது ஆசிரியர்களின் பழைய தொழில். பிழையையே பிரயாசைப்பட்டுத் தயாரித்து, அச்சேற்றி, 'இதைத் திருத்து' என்று மாணவன் முன் வைப்பது அதனினும் வெகுவாகப் பிந்திய தொழில். ஆங்கிலக் கல்வியில் இதைப் பிரபலமாக்கிய பெருமை, இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில் பெண்களுக்குப் பள்ளி நடத்திய ஆன் ஃபிஷர் என்ற அம்மையாரையே பெரிதும் சாரும். பதினெட்டாம் நூற்றாண்டின் மத்தியில் வெளிவந்த தமது வியாகரண நூலில், வேண்டுமென்றே கெடுக்கப்பட்ட ஆங்கில வாக்கியங்களைப் பயிற்சியாக அவர் கோத்து வைத்தார். தவறானவற்றைப் பார்த்துப் பார்த்து இளம் மனத்தில் அவையே பதிந்துவிடுமென்று ஆட்சேபித்தவர்களும் அக்காலத்தில் உண்டு. அந்த ஆட்சேபத்தை முற்றும் அலட்சியம் செய்வதற்கில்லை.

பின்னாளில் லண்டன் பிஷப்பாக விளங்கிய ராபர்ட் லௌத், 1762இல் வெளியிட்ட இலக்கணச் சுருக்கத்தில் பிழைகளைத் தாமே சிருஷ்டிக்கவில்லை. ஷேக்ஸ்பியர், மில்டன், ஸ்விஃப்ட் போன்ற மகாகவிகளிடமிருந்தும் உரைநடை வல்லுநர்களிடமிருந்தும் பொறுக்கியெடுத்து அடிக்குறிப்புகளில் நிரப்பினார். மகான்களும் வழுக்குகிறார்கள் என்று அவர் காட்ட நினைத்தார். இலக்கணக்காரர் வகுத்த விதியை அவர்கள் கேட்டுக்கொண்டு எழுதவில்லை என்பதுதான் எனக்குத் தோன்றுவது. அவருக்குப் பின் வந்த லிண்ட்லி மர்ரே, அமெரிக்காவில் வக்கீலாக இருந்து இங்கிலாந்தின் யார்க் நகரருகே குடியேறிய குவேக்கர். அவர் 1795இல் இலக்கணத்தையும் 1797இல் பயிற்சிநூலையும், அதற்குரிய விடைநூலையும் வெளியிட்டார். அவருடைய பிழை வாக்கியங்களிலும் பக்தியும் ஒழுக்கமும் குறைவில்லாமல் இருந்தன. எழுவாயும் பயனிலையும் மட்டும் பிணங்கிக்கொண்டிருக்கும்.

இந்த வழக்கம் அமெரிக்கக் கலாசாலைகளின் வாயிற்படிக்கு வந்த விதம் வேறு. ஹார்வர்ட் 1874 முதல் பிரவேச மாணவர்களிடம் சிறு கட்டுரையொன்றைக் கேட்டது. நல்ல குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகள் எழுதிய ஆங்கிலத்தைக் கண்டு பேராசிரியர்கள் திகைத்தார்கள். கட்டுரையை எழுதச் சொல்வது எளிது, மதிப்பிடுவதே சங்கடம். 1961இல் பிரின்ஸ்டனிலுள்ள கல்விப் பரீக்ஷைச் சேவை நிறுவனம், அதாவது இ.டி.எஸ்., ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது: 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து ஒன்பது தரங்களில் பிரிக்கச் சொன்னார்கள். ஐந்து வெவ்வேறு தரங்களுக்குக் குறைவாகப் பெற்ற கட்டுரை ஒன்றுகூட இல்லை. நூற்றுக்கு 94 கட்டுரைகள் ஏழோ எட்டோ ஒன்பதோ தரங்களில் சிதறின. ஒருவருக்கு உத்தமமாகத் தெரிந்தது மற்றொருவருக்கு அதமமாகத் தெரிந்தது. ஐந்து வருஷத்துக்குப் பின் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், ஒவ்வொரு மாணவனும் எழுதிய ஐந்து கட்டுரைகளை ஐந்தைந்து பேர் மதிப்பிட்ட மொத்த எண்ணோடு, விடையைத் தெரிவுசெய்யும் வாக்கியத் திருத்தக் கேள்விகளின் எண்ணும் வியக்கத்தக்கபடி ஒத்துப்போனது. அதற்கு முன்பே, 1938இல், பென்சில் கரியின் வழியே மின்சாரம் பாய்வதைக் கொண்டு விடைகளை எண்ணும் ஐ.பி.எம். யந்திரமும் வந்திருந்தது. சிக்கனமும் சாஸ்திரமும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் எதிர்த்து நிற்க யாரால் முடியும்?

வணிக மேலாண்மைக் கல்லூரிகளுக்குரிய பரீக்ஷையும் இந்தச் சூழ்நிலையில் பிறந்ததுதான். 1953இல் கொலம்பியா, ஹார்வர்ட் முதலான ஒன்பது கல்லூரிகள் கூடி நிச்சயித்து, 1954 பிப்ரவரியில் முதன்முதலாக நடத்திய பரீக்ஷைக்கு 1976இல் ஜிமேட் என்று புதுப் பெயர் வந்தது. வாக்கியத் திருத்தம் அதில் நெடுங்காலம் அரசாண்டது. ஒரு நீண்ட வாக்கியம் கொடுக்கப்படும். அதில் ஒரு பகுதி, சில சமயம் முழு வாக்கியமுமே, கோடிடப்பட்டிருக்கும். கீழே ஐந்து விடைகள். முதலாவது விடை எப்போதும் மூல வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்லும். 'மாற்ற வேண்டியதில்லை' என்பதும் ஒரு விடையாக இருந்தமையால், எங்கும் குற்றம் காணும் சுபாவமுள்ளவன் அடிக்கடி ஏமாந்தான்.

இந்தக் கேள்விகளைத் தயாரித்தவர்களின் கைத்திறனை நான் சிலாகிக்கிறேன். தெருவில் கேட்கும் பிழை அவர்களுக்கு உதவாது. கல்வியறிவுள்ளவன் வாசித்துக்கொண்டே தாண்டிப்போகும் பிழையே வேண்டும். ஒருமை எழுவாயை முதலில் நிறுத்தி, அதற்கும் வினைக்கும் இடையே பன்மைப் பெயர்கள் நிறைந்த ஒரு நெடுந்தொடரைச் செருகினால், வினை வரும் நேரத்தில் காது எழுவாயை மறந்து அருகிலுள்ள பன்மையோடு இசைந்துவிடும். தமிழிலும் இதற்கு ஈடான கண்ணி இல்லாமலில்லை: 'ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, மலை நீலமாகத் தோன்றியது' என்று ஒருவர் எழுதினால், பார்த்தது யார், மலையா என்று கேட்க நமக்கு ஒரு கணம் பிடிக்கிறது, இத்தகைய வினையெச்சத்துக்கும் முற்றுக்கும் கர்த்தா ஒன்றாக இருத்தல் வேண்டுமென்பது நம் இலக்கணத்துக்கும் உடன்பாடே. பிழையை இப்படி மறைத்து வைத்த பின், அதைத் திருத்தியதுபோல் நடித்து வேறிடத்தில் அர்த்தத்தைக் குலைக்கும் மூன்று விடைகளையும் எழுத வேண்டும். அதன் பிறகும் கேள்வி உடனே அரங்கேறாது. மதிப்பெண்ணில் சேராத கேள்வியாக மற்றவற்றுக்கிடையே கலந்து வைத்துச் சோதிப்பார்கள். கெட்டிக்காரர்கள் தவறி, மந்தமானவர்கள் தேறினால், குற்றம் கேள்வியினுடையது என்று தள்ளிவிடுவார்கள்.

இவ்வளவு ஜாக்கிரதைக்கும் தப்பிய சம்பவம் ஒன்றுண்டு. அது நடந்தது ஜிமேட்டில் அன்று, அதே இ.டி.எஸ். பள்ளி மாணவர்களுக்காகத் தயாரித்த பி.எஸ்.ஏ.டி. பரீக்ஷையில், 2002 அக்டோபரில். நாவலாசிரியை டோனி மாரிஸனின் மேதைமையைப் புகழும் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, பிழை எங்கே என்று கேட்டார்கள். பிழையே இல்லை என்பது அவர்கள் வைத்திருந்த விடை. மேரிலாந்தில் ஒரு பள்ளி ஆசிரியர் எதிர்த்தார்: 'மாரிஸனின்' என்று பெயர் வேற்றுமை ஏற்று அடையாக நிற்கையில், பின்னால் வரும் 'அவளை' என்னும் பிரதிப்பெயர் சுட்டுவதற்கு நேரான பெயர் வாக்கியத்தில் எங்கே? இப்படி ஒரு விதி பழைய கைநூல்கள் சிலவற்றில் உண்டு. நல்ல எழுத்தாளர்கள் அதைப் பொருட்படுத்தியதில்லை. பல மாதக் கடிதப் போக்குவரத்துக்குப் பின் நிறுவனம் இணங்கி, 2003இல் அக்கேள்வியையே நீக்கியது. பரீக்ஷை எழுதிய சுமார் 18 லட்சம் பேரில் ஏறத்தாழ 5 லட்சம் பேருக்கு மதிப்பெண் உயர்ந்தது. விதியைக் காப்பவர்களே விதி எது என்பதில் ஒருமனப்படவில்லையென்றால், பதினாறு வயதுப் பிள்ளை எந்தப் பக்கம் சாய்வது?

ரென்னும் மார்ட்டினும் எழுதிய இலக்கணத்தை மனனம் செய்து வளர்ந்த இந்திய மாணவர்களுக்கு ஜிமேட்டின் வாக்கியத் திருத்தப் பகுதி ஒரு விசேஷமான போர்க்களமாக இருந்தது. இடைச்சொற்களின் மரபு அவர்களைச் சோதித்தது; ஏட்டு விதிகளில் அவர்கள் ஈடுகொடுத்தார்கள். 75 நிமிஷத்தில் 41 மொழிக் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டிய காலத்தில், காதை நம்புவதா விதியை நம்புவதா என்ற தர்க்கத்தை வைத்தே பயிற்சிக்கூடங்கள் பிழைத்தன.

2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட் வடிவத்தில் வாக்கியத் திருத்தம் இடம்பெறவில்லை. 1994இல் சேர்ந்த கட்டுரையும் கூடவே வெளியேறியது. பழைய வடிவம் 2024 ஜனவரி 31ஆம் தேதியோடு நின்றது. இனி மொழிப்பகுதியில் பத்தியைப் படித்துணர்வதும் வாதத்தைச் சீர்தூக்குவதுமே மிச்சம். கல்லூரியில் சேரும் இளைஞர்களுக்கான எஸ்.ஏ.டி. பரீக்ஷையிலோ இலக்கண மரபுக் கேள்விகள் இன்றும் இருக்கின்றன. ஆகவே, பதினேழு வயதில் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டிய எழுவாய்-பயனிலைப் பொருத்தம், ஒரு கம்பெனியை நிர்வகிக்கக் கிளம்பும் இருபத்தேழு வயதில் அநாவசியமாகிவிட்டது.